ஊர்க் கடல் வரலாற்றுக்கு ஒரு காட்சிக்கூடம்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

கடலோர ஊரில் ஒரு பழைய பள்ளிக் கட்டடமோ உப்புக் கிடங்கோ அருங்காட்சியகத்துக்கென்று கிடைத்துவிட்டால், முதல் வாரத்திலேயே ஒரு துருப்பிடித்த நங்கூரமும் ஒரு கூடைச் சங்கும் வந்து இறங்கிவிடும். அவற்றை எங்கே வைப்பது என்ற யோசனையிலேயே வேலை ஓடும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அறை நிறைந்திருக்கும். எது யாருடையது, எந்தப் படகில் இருந்தது என்று சொல்ல ஆள் இருக்காது.

கீழே உள்ள வரிசை அதைத் தவிர்ப்பதற்காக. தூத்துக்குடிக் கரையை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். நாகப்பட்டினத்திலோ குமரி முனையிலோ செய்பவர்களுக்குப் பெயர்களும் வருடங்களும் மாறும், வரிசை மாறாது.

1. பொருள் வருவதற்கு முன் கேள்வியை முடிவு செய்யுங்கள்

"சங்க காலம் முதல் இன்று வரை" என்று தொடங்காதீர்கள். இரண்டு அறைக்குள் அது அடங்காது. அந்தக் கதை எழும்பூர், பூம்புகார் அருங்காட்சியகங்களில் ஏற்கெனவே சொல்லப்படுகிறது. உங்கள் ஊரால் மட்டுமே பதில் சொல்ல முடிகிற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடிக்கு ஒரு நல்ல கேள்வி: 1974-ல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படுவதற்கு முந்தைய காலத்தில், கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கைக் கொண்டுபோனவர்கள் யார்? கரையோரம் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளித்தான் நிற்கும். சிறு படகுகள்தான் மூட்டையையும் ஆளையும் ஏற்றி இறக்கின. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்ததும் எல்லோருக்கும் தெரியும். அந்த மாதிரிக் கப்பல்களுக்குப் படகு தள்ளியவர்களைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி இராது. உங்கள் அறை அதற்குத்தான்.

கேள்வி ஒன்று கையில் இருந்தால், வரும் பொருளில் எதை வாங்குவது, எதை நன்றி சொல்லித் திருப்பி அனுப்புவது என்பது தானாகத் தெளிவாகும். கேள்வி இல்லாவிட்டால் யார் மனமும் நோகக்கூடாது என்று எல்லாவற்றையும் வாங்கி வைப்பீர்கள்.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

தடித்த அட்டை போட்ட பதிவேடு, நன்கொடைப் படிவம், இரவல் படிவம், 2பி பென்சில்கள், வெள்ளைப் பருத்தி நாடா, அளவு நாடா, ஈரப்பதமானி இரண்டு, மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, ஒலிப்பதிவு செய்ய ஒரு கைப்பேசி. கண்ணாடிப் பேழைகளுக்கு இப்போது ஆர்டர் கொடுக்க வேண்டாம். பேழை முதலில் வந்தால் பேழைக்கு ஏற்ற பொருளைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

பொருள் வைக்க ஒரு தனி அறையும் வேண்டும். காட்சி அறையும் கிடங்கும் ஒன்றாக இருந்தால் இரண்டும் கெடும்.

3. வாங்கக் கூடாதவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத்தான் அநேகமாக எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கடற்கரை வீடுகளில் பரணில் கிடப்பதில் பாதி, சட்டப்படி சிக்கலான பொருள்.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பவளப்பாறைகள், கடல் ஆமைகள், கடற்பசு, கடல் குதிரை, கடல் அட்டை, வேளா மீன் (ரம்பம் போல நீண்ட மூக்குள்ளது), சில வகைச் சங்கு சிப்பிகள் எல்லாம் இருக்கின்றன. எனவே யாராவது தாத்தா காலத்து வேளாக் கொம்பைக் கொண்டுவந்து கொடுத்தால், ஆசையாக இருந்தாலும் கையில் வாங்காதீர்கள். முதலில் வனத்துறையிடம் எழுத்தில் கேளுங்கள். தூத்துக்குடிக்கு அடுத்த தீவுகள் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. இதில் அலட்சியம் கூடாது. வளையல் அறுக்கும் சாதாரணச் சங்கு அந்தப் பட்டியலில் இல்லை. சங்கு குளித்தலைக் காட்ட அது போதும்.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள் 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டத்துக்குள் வரும். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி என்றால் 75 வருடம். மண்ணுக்கடியிலிருந்து எடுத்தது என்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் சேர்ந்துகொள்ளும். மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கடலுக்கடியில் வலையில் மாட்டி வந்த பழைய ஜாடி, பீரங்கிக் குண்டு போன்றவற்றைத் தொல்லியல் துறைக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் நோட்டீஸ் வந்தால் பொருளோடு ஊரின் நம்பிக்கையும் போய்விடும்.

4. பொருளைக் கேட்காதீர்கள், பேச்சைக் கேளுங்கள்

புதிதாக வருபவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், "பழைய சாமான் ஏதாவது இருக்கா?" என்கிறார்கள். பழைய சாமான் வாங்க வந்தவர் போலத்தான் அந்த வீடு அவர்களைப் பார்க்கும். "தாத்தா, நீங்க முதல்ல தோணியில ஏறினது எப்ப?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்தில் அவரே எழுந்துபோய்ப் பரணிலிருந்து ஒரு கப்பியை எடுத்து வருவார். எப்படிப் பிடிப்பது என்றும் காட்டுவார். அந்தக் கை அசைவைப் படம் எடுங்கள். கப்பி பிறகு எங்கேயும் கிடைக்கலாம், அந்தக் கை கிடைக்காது.

எப்போது போகிறோம் என்பது முக்கியம். படகு கரையேறும் நேரத்தில் போனால் யாரும் பேசமாட்டார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள், பேசவும் மனம் இருக்கும். வருமானம் இல்லாத நாட்கள் என்பதையும் நினைவில் வைத்துப் பேசுங்கள்.

பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கடல் வரலாறு என்றாலே ஆண்களும் படகும் என்று அறையை முடித்துவிடுகிறார்கள். மீனை ஏலத்தில் எடுத்தது யார், கருவாடு போட்டு உள்ளூர்ச் சந்தைக்குச் சுமந்தது யார், படகு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியது யார் என்று கேட்டால் கதை வேறாக வரும். ஆண்கள் சொல்லும் வருடத்தைவிட அவர்கள் சொல்வது பெரும்பாலும் துல்லியமாகவும் இருக்கும். பிள்ளை பிறந்ததை வைத்துக் கணக்குச் சொல்வார்கள்.

சொற்களை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். அணியம் (படகின் முன்பகுதி), ஏரா (அடிமரம்), வங்கு (விலா எலும்பு போன்ற சட்டம்), பருமல் (பாய் கட்டும் மரம்), தண்டல் (படகை நடத்துபவர்), ஓடாவி (படகு கட்டுபவர்), சம்மாட்டி (படகுச் சொந்தக்காரர்) என்று வரும். வீட்டுக்கு வந்து இவற்றை "முன்பகுதி", "விலா எலும்பு" என்று நீங்கள் மாற்றி எழுதினால், பிறகு அந்த ஊர்க்காரர் அறைக்குள் வரும்போது அது அவருடைய படகாக இருக்காது. பக்கத்துக் கிராமத்தில் ஒரே உறுப்புக்கு வேறு சொல் இருந்தால் இரண்டையும் ஊர்ப் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள்.

பேச்சைப் பதிவு செய்யும்முன் அனுமதி கேளுங்கள். காட்சியில் வைக்கலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். கடலில் போன தம்பியைப் பற்றி உங்களிடம் பேசுவார். சுவரில் மாட்டச் சம்மதிக்காமல் இருக்கலாம்.

5. வருடத்தை எப்படிப் பிடிப்பது

"ரொம்பப் பழசு" என்பது வருடம் ஆகாது. "நூறு வருஷம் இருக்கும்" என்று சொன்னால் பெரும்பாலும் ஐம்பது, அறுபது வருடம்தான் இருக்கும். "எந்த வருடம்?" என்று நேராகக் கேட்டால் யாருக்கும் சொல்ல வராது. ஊர் மறக்காத சம்பவங்களை வைத்துக் கேளுங்கள்: தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலுக்கு முன்னாலா பின்னாலா? கடைசியாக அரசாங்கம் முத்துக்குளிப்பு நடத்திய 1961-ல் இது இருந்ததா? புதுத் துறைமுகம் வந்தபோது? உங்கள் கரையில் நைலான் வலை எப்போது வந்தது என்பதை முதலில் நாலைந்து பேரிடம் விசாரித்து ஒரு முடிவுக்கு வாருங்கள். அதற்கப்புறம் எல்லா வலைக்கும் அது அளவுகோலாகும்.

காகிதங்கள் தாங்களாகவே காலத்தைச் சொல்லும். தேதி கிழிந்துபோன ரசீது ஒன்று கையில் வந்தால் இவற்றைப் பாருங்கள்:

ரூபாய், அணா, பைசா என்று கணக்கு இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. நயா பைசா என்றிருந்தால் அதற்குப் பிந்தையது. ஆனாலும் மூன்று நான்கு வருடம் சிறு வியாபாரிகள் அணாவிலேயே எழுதியிருக்கிறார்கள், அதற்கு இடம் விடுங்கள். தலைப்பில் "மதராஸ் மாநிலம்" என்றிருந்தால் 1969-க்கு முன் அச்சடித்த தாள். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு. "திருநெல்வேலி மாவட்டம், தூத்துக்குடி" என்றிருந்தால் 1986 அக்டோபரில் மாவட்டம் பிரிவதற்கு முன். அச்சில் னை, லை, ணை எழுத்துகள் பழைய துதிக்கை வடிவில் இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சிறு அச்சகங்கள் பழைய எழுத்தச்சுகளை அதற்குப் பிறகும் பயன்படுத்தின. ஆகவே இந்த ஒரு தடயத்தை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு தடயம் ஒத்துப்போனால் "1957க்கும் 1969க்கும் இடையில்" என்று தைரியமாக எழுதலாம். அந்த இடைவெளியே நேர்மையான தேதி.

பின்னர்தான் ஆவணக் காப்பகம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு முதல் நாளே போனால் திக்குத் தெரியாது. ஊரில் கேட்ட பெயர்களும் வருடங்களும் கையில் இருந்தால்தான் எந்த ஆவணக் கட்டைக் கேட்பது என்று தெரியும். 1917-ல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்ட கெசட்டியரையும் (மாவட்ட விவரத் தொகுப்பு) கிறிஸ்தவப் பங்குக் கோயில் பதிவேடுகளையும் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

6. வாங்கும் அன்றே எழுதி முடியுங்கள்

"எல்லாம் சேர்ந்த பிறகு பட்டியல் போடலாம்" என்ற எண்ணம்தான் சிறு அருங்காட்சியகங்களைக் கெடுக்கிறது. ஒரு வாரம் போனால் இரண்டு துடுப்புகளில் எது யார் கொடுத்தது என்று மறந்துவிடும்.

எண் எளிதாக இருக்கட்டும்: வருடம், அந்த வருடத்தின் எத்தனையாவது நன்கொடை, அதில் எத்தனையாவது பொருள். 2025.7.3 என்றால் போதும். பதிவேட்டில் பொருள், அளவு, கொடுத்தவர், அவருக்கு எப்படி வந்தது, என்ன வேலைக்குப் பயன்பட்டது, இப்போது என்ன நிலை, எங்கே வைத்திருக்கிறோம் என்று எழுதுங்கள். கணினியில் ஏற்றுவது அப்புறம். புத்தகம் மின்சாரம் இல்லாமலும் திறக்கும்.

எண்ணைப் பொருளின் மேல் எழுதும்போது ஒட்டுத்தாள், ஃபெவிக்கால், மார்க்கர் எதுவும் கூடாது. மரத்துக்கும் உலோகத்துக்கும் பாரலாய்ட் பி-72 என்ற பிசினை மெல்லப் பூசி, காய்ந்ததும் மசியால் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. வேண்டுமென்றால் அசிட்டோனில் கழற்றிவிடலாம். வலைக்கும் துணிக்கும் எண் எழுதிய நாடாவைக் கட்டுங்கள். காகிதத்தின் பின்புறம் பென்சில் மட்டும்.

நன்கொடை என்றால் கையெழுத்து வாங்குங்கள். இரவல் என்றால் திருப்பித் தரும் தேதி எழுதுங்கள். "இருக்கட்டும், அங்கேயே வைச்சுக்கோங்க" என்ற வாய்ச்சொல்லை வைத்து வாங்கினால், பத்து வருடம் கழித்து அவர் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் கேட்டு வருவார்கள். உங்களிடம் பதில் இருக்காது. புகைப்படங்களை மட்டும் வாங்கி வைக்க வேண்டியதில்லை. 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். அடுத்த தெருவில் அந்தச் செய்தி உங்களுக்கு முன்னால் போய்ச் சேரும்.

7. சுத்தம் செய்யும் ஆசையை அடக்குங்கள்

ஆர்வமுள்ள தன்னார்வலர்கள் பித்தளைத் திசைகாட்டியைப் புளி போட்டு விளக்கி, நங்கூரத்துக்கு வெள்ளி நிறப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். திசைகாட்டியில் செய்தவர் பெயர் மெலிதாகப் பொறித்திருக்கும். இரண்டு முறை விளக்கினால் அது போய்விடும். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள்.

கடலிலிருந்து நேராக வந்த இரும்பைக் காயவிடவே கூடாது. பல வருடம் உப்புநீரில் கிடந்த இரும்பின் உள்ளே குளோரைடு ஊறியிருக்கும். காற்றில் காய்ந்ததும் அது வேலையைத் தொடங்கும்; சில மாதங்களில் தகடு தகடாக உதிரும். முதல் நாளே பிளாஸ்டிக் தொட்டியில் நல்ல தண்ணீரில் சலவைச் சோடாவை 100 லிட்டருக்கு 5 கிலோ வீதம் கரைத்து, பொருள் முழுக்க மூழ்கும்படி வையுங்கள். உப்பு வெளியேற மாதக்கணக்கிலும் ஆகும், வருடமும் ஆகும். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவிடம் ஆலோசனை கேட்டுத்தான் அடுத்த படி. கடலில் கிடந்த மரமும் அப்படியே: நல்ல தண்ணீரில், இருட்டில். ஆனால் மரத்துக்குச் சோடா கூடாது.

காய்ந்த மரத்துக்கும் பருத்தி வலைக்கும் எதிரி பூச்சி. மருந்து தெளித்தால் கறை படும், கையாளுபவருக்கும் நல்லதல்ல. மீன் ஏற்றுமதி நடக்கும் ஊரில் இதற்கு ஒரு வழி பக்கத்திலேயே இருக்கிறது. பொருளைத் தடித்த பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ உள்ள குளிர்கிடங்கில் இரண்டு வாரம் வையுங்கள். புழுவும் முட்டையும் செத்துப்போகும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு முழு நாள் விடுங்கள்; உடனே பிரித்தால் பொருளின் மேல் நீர் வேர்க்கும். ஈர மரத்துக்கும் வர்ணம் பூசிய பொருளுக்கும் இந்த முறை கூடாது.

ஏர்கண்டிஷனர் பற்றி ஒரு வார்த்தை. பகலில் போட்டு இரவில் நிறுத்துவதானால் போடாமலே இருங்கள். ஈரப்பதம் தினம் ஏறி இறங்குவதுதான் மரத்தை வெடிக்க வைக்கிறது. கடல் பக்கத்து ஜன்னலை மூடி, எதிர்ப் பக்கம் காற்று வர விட்டு, காகிதமும் உலோகமும் உள்ள பேழைகளுக்குள் மட்டும் சிலிக்கா ஜெல் வைப்பது சிறு இடத்துக்குப் போதும்.

8. பெரியதை முதலில் உள்ளே கொண்டுவாருங்கள்

கட்டுமரமோ வள்ளமோ வைப்பதாக இருந்தால் பலகை, பேழை, வர்ணம் எல்லாவற்றுக்கும் முன் அது உள்ளே வந்துவிட வேண்டும். வாசலை அளந்துகொள்ளுங்கள், வாசல் மட்டும் போதாது, வராந்தா திரும்பும் இடத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

கட்டுமரத்தில் ஒரு சௌகரியம்: அவிழ்த்துக் கொண்டுவரலாம். அவிழ்ப்பதற்கு முன் ஒவ்வொரு மரத்துக்கும் எண் நாடா கட்டி, ஒவ்வொரு முடிச்சையும் நாலு பக்கமும் படம் எடுங்கள். உள்ளே திரும்பக் கட்ட, அதைக் கட்டத் தெரிந்த பெரியவரையே கூலி கொடுத்து அழையுங்கள். ஆணிக்கோ வெல்டிங்குக்கோ சம்மதிக்காதீர்கள். அவர் கட்டுவதை முழுவதும் வீடியோ எடுத்தால், பக்கத்தில் ஓடும் அந்தப் படமே அறையில் மக்கள் அதிக நேரம் நிற்கும் இடமாகும்.

தரையில் நேராக வைக்காதீர்கள். ஒரு அடி உயரத்தில் நாலைந்து இடத்தில் தாங்கல் கொடுங்கள்; கரையான் மண் ஏறினால் கண்ணில் படும். வலையை ஆணியில் தொங்கவிட்டால் தன் பாரத்திலேயே கிழியும். தடித்த குழாயில் சுற்றி, ஒரு முழம் மட்டும் விரித்துக் காட்டுங்கள்.

9. வெளிச்சமும் இடமும்

காகிதம், துணி, புகைப்படத்துக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தின் அலகு) மேல் வெளிச்சம் வேண்டாம். மரத்துக்கு 200 வரை சரி. அசல் ரசீதை உள்ளே பத்திரமாக வைத்துவிட்டு நல்ல நகலைக் காட்சியில் வையுங்கள், நகல் என்று எழுதியும் வையுங்கள். கொண்டுவந்ததில் கால்வாசியைக் காட்டினால் போதும். கூட்டம் குறைந்த அறையில்தான் ஒரு பொருளை உற்றுப் பார்க்கத் தோன்றும்.

10. விளக்கப் பலகை கடைசியில்

பலகையை முதலில் எழுதிவிட்டுப் பொருள் தேடுபவர்கள் இருக்கிறார்கள். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினால்தான் பார்ப்பவரின் கண்ணை வழிநடத்த முடியும்.

பெரும்பாலும் இப்படி எழுதுகிறார்கள்: "பழங்காலக் கப்பி. மரத்தாலானது. நம் முன்னோர்கள் கடற்பயணத்தில் பயன்படுத்தியது." மூன்று வரியும் படித்தவருக்கு ஒன்றும் தரவில்லை. மரம் என்பது கண்ணுக்கே தெரிகிறது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "கப்பி. தோணியின் பாயை ஏற்றும் கயிறு இதில் ஓடும். உள்ளே பாருங்கள், பள்ளம் ஒரு பக்கம் மட்டும் ஆழமாகத் தேய்ந்திருக்கிறது: கயிறு எப்போதும் அந்தப் பக்கமே சாய்த்து இழுக்கப்பட்டிருக்கிறது. அச்சாணி பின்னால் மாற்றியது, நிறம் வேறு. 1960களில் கொழும்பு ஓட்டத்தில் இருந்த தோணி." பார்ப்பவர் குனிவார். குனிய வைத்தால் பலகை வேலை செய்கிறது என்று பொருள்.

ஒரு பலகைக்கு அறுபது சொல்லுக்குள். தமிழ் முதலில், பெரிய எழுத்தில், ஆங்கிலம் கீழே. எழுத்து 24 பாயின்ட்டுக்குக் குறைய வேண்டாம். தமிழ் எழுத்துகள் நெருக்கமானவை, சிறியதாக அச்சடித்தால் வயதானவர்களுக்கு சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தெரியும். பலகைகளைச் சுவரில் 145 சென்டிமீட்டர் உயரத்தை நடுவாகக் கொண்டு மாட்டுங்கள்.

முதலில் சாதாரணத் தாளில் அச்சடித்து ஒட்டுங்கள். நிரந்தரப் பலகைக்கு அவசரம் வேண்டாம்.

11. திறப்பு விழாவுக்கு முன் ஊர்க்காரர்களுக்குத் திறந்துவிடுங்கள்

பேச்சுக் கொடுத்தவர்கள் அனைவரையும் குடும்பத்தோடு அழைத்துத் தாள் பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள். படிக்க முடியாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும். கையில் பென்சில் கொடுத்து, தப்பு என்று பட்டதைத் தாளிலேயே அடிக்கச் சொல்லுங்கள். "இது பருமல் இல்ல அண்ணாச்சி" என்று ஒருவர் சொல்வார், இன்னொருவர் மறுப்பார். வாதம் நடக்கட்டும், பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ளுங்கள். முடிவுக்கு வராத விஷயத்தில் இரண்டு பேர் சொன்னதையும் பலகையில் போடலாம்.

ஆனால் அன்றைக்குப் புதிதாக வரும் பொருட்களை வாங்காதீர்கள். பெயரையும் வீட்டையும் எழுதிக்கொண்டு, பிறகு நான்காவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.